ஏழாம் நம்பர் அருந்ததி

எங்கள் குடும்பத்தில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் அருந்ததி பார்த்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் தெரிந்ததில்லை. தாலி கட்டி, அம்மி மிதித்து, மெட்டி போட்டபின் ஐயர் பொண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டபத்து வாசலுக்குக் கூட்டிவந்து வானத்தைக் காட்டுவார். வெயில் சுள்ளென்று அடிக்கும். "அருந்ததி தெரியறதா?" என்பார். பொண்ணு கண்ணைச் சுருக்கிக்கொண்டு "தெரியுது" என்று சொல்லும். போட்டோக்காரர் அதை எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான், எல்லாரும் சாப்பிடப் போய்விடலாம். அம்மாவிடம் ஒருமுறை, "உனக்கு என்னம்மா தெரிஞ்சுச்சு?" என்று கேட்டேன். "கரண்டு கம்பில ஒரு காக்கா" என்றாள்.

இதைப் பொய் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. பந்தியில் இலைக்கு மேல் கையை மறித்து "போதும் போதும்" என்று சொல்வோம் இல்லையா, அந்த மாதிரி ஒரு பேச்சு. மாமா கல்யாணத்தில்தான் அது வேறு மாதிரி ஆகிப்போனது. மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. போன மாசியில் செத்துப்போனார். ரிங் ரோட்டில் லாரி. அன்றிலிருந்து எனக்குக் கண்ணை மூடினால் அவர் கல்யாண நாள்தான் வருகிறது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அவனியாபுரத்தில் மாடியோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். மாமா எங்களோடுதான் இருந்தார். அவருக்கு ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்கிற வேலை. கோர்ட்டுப் பக்கம், காலேஜ் பக்கம் எங்கே மெஷின் நின்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு போவார். உயிர் போன மெஷின்களைக் கடைக்காரர்கள் காயலான் கடைக்குப் போடும்போது, அதற்குள் இருக்கிற மோட்டாரையும் பெல்ட்டையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு மூட்டை உண்டு. அதில் முழுக்க மோட்டார்.

அந்த மூட்டையிலிருந்துதான் டெலஸ்கோப் வந்தது.

கண்ணாடி மட்டும் எங்கேயோ வடக்கே இருந்து பார்சலில் வாங்கினார். மற்றதெல்லாம் நம் ஊர்ச் சாமான். மழைத்தண்ணீர் இறங்குவதற்கு மாடியிலிருந்து விடுவார்களே, அந்தத் தடித்த பிளாஸ்டிக் குழாய்தான் உடம்பு. அதைத் தாங்க இரும்புச் சட்டத்தில் ஒரு ஸ்டாண்டு, பக்கத்து வெல்டிங் பட்டறையில் அடித்தது. குழாயை இடது வலதாகத் திருப்ப ஒரு மோட்டார், மேலே கீழே சாய்க்க ஒரு மோட்டார். மோட்டாரிலிருந்து வரும் பெல்ட், ஒரு பழைய தையல் மெஷினின் பெரிய சக்கரத்தைச் சுற்றும். டெலஸ்கோப் பெரிய விஷயம் இல்லை, அதைத் தானாகத் திரும்ப வைப்பதுதான் விஷயம் என்பார் மாமா. நட்சத்திரத்தின் பெயரைச் சொன்னால் குழாய் அதுவாகப் போய் அதன்முன் நிற்கவேண்டும். அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கம்ப்யூட்டர் என்றால் டி.வி. மாதிரி ஒன்று வரும் என்று காத்திருந்தேன். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன சர்க்யூட் பலகையைக் காட்டி, "இதுதான்" என்றார். அதை என் பழைய டிபன் பாக்ஸுக்குள் வைத்துத் திருகினார். மூடியில் ஓட்டை போட்டு, உடைந்த லேண்ட்லைன் போனின் நம்பர் பட்டன்களைப் பொருத்தினார். அதற்கு மேலே எழுத்து ஓடுகிற ஒரு சின்னத் திரை.

புரோகிராம் அவர் எழுதியதில்லை. யாரோ வெளிநாட்டுக்காரர் இணையத்தில் சும்மா போட்டு வைத்திருந்ததை இறக்கி, வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு மாதம் போல அதோடு சண்டை போட்டார். முதல்முறை ஓட்டியபோது தலைக்கு மேலே நிலா. நிலாவுக்கான நம்பரை அழுத்தினார். ஜெராக்ஸ் மெஷின் பேப்பர் இழுக்கிற அதே சத்தத்தோடு குழாய் திரும்பியது. திரும்பித் திரும்பிப் பக்கத்து வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு நேரே போய் நின்றது. அந்த அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, எங்க வீட்ல இன்னைக்கு என்ன கொழம்புன்னு பாக்குறீகளா?" என்று கேட்டார்.

மறுநாள்தான் காரணம் தெரிந்தது. அந்த வெளிநாட்டுக்காரர் தன் ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்பதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார். மாமா அதை மாற்றவில்லை. அதனால் நாங்கள் எல்லாரும் ஜெர்மனியில் மாடியில் நிற்பதாக டிபன் பாக்ஸ் நினைத்துக்கொண்டிருந்தது. அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்ததும், "மாப்ள, ஜெர்மனியில மழையா வெயிலா?" என்பார். அது ரொம்ப நாள் ஓடியது.

மதுரைக்கு மாற்றிய பிறகு அது கச்சிதமாக வேலை செய்தது. ஒரே ஒரு குறை, அதற்குள் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் தேதி கேட்கும், மணி கேட்கும். ராத்திரி எட்டு மணி என்றால் இருபது என்று போடவேண்டும். பிறகு நட்சத்திரத்தின் நம்பர். பட்டன் அழுத்துகிற வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். மாமா கண் வைக்கும் இடத்தில் இருப்பார், நான் டிபன் பாக்ஸோடு இருப்பேன். "நாலு!" என்பார். நாலு வியாழன். "ரெண்டு!" ரெண்டு சனி. எனக்குப் பள்ளிக்கூடத்தில் எந்த வேலையும் இப்படி இனித்ததில்லை. ஏழாம் நம்பர் அப்போது காலியாக இருந்தது.

அதை நிரப்பியது அத்தை. அப்போது அத்தை ஆகவில்லை, வாடிப்பட்டியில் மாமாவுக்குப் பார்த்த பொண்ணு. நாங்கள் பொண்ணு பார்க்கப் போனோம். பஜ்ஜி சாப்பிட்டு முடிந்ததும், ரெண்டு பேரும் ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று கொல்லைக்கு அனுப்பினார்கள். தனியாக அனுப்பக்கூடாது என்று துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். அதனால் அந்த ரெண்டு வார்த்தையும் எனக்குத் தெரியும்.

அத்தை ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். மாமா பேச ஒன்றும் கிடைக்காமல், "டாக்டர் கையெழுத்தெல்லாம் எப்புடிப் புரியுது?" என்று கேட்டார்.

"புரியலைன்னா புரியலன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவேன். புரிஞ்ச மாதிரி எடுத்துக் குடுத்தா ஆளு செத்துப்போகுமே" என்றார் அத்தை. பிறகு, "நீங்க என்ன பண்ணுவீங்க, வேல போக?" என்றார்.

மாமா டெலஸ்கோப்பைச் சொன்னார். மோட்டாரைச் சொன்னார். ஜெர்மனியைக்கூடச் சொல்லிவிட்டார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "எங்கக்கா கல்யாணத்துல அருந்ததி பாக்கச் சொன்னாங்க. அக்கா தெரியுதுன்னுச்சு. பக்கத்துல நின்னு நானும் பாத்தேன், ஒண்ணுமே இல்ல. எனக்கு அந்த மாதிரியெல்லாம் சொல்ல வராது. தெரியலைன்னா தெரியலன்னுதான் வாய்ல வரும். அப்பறம் வருத்தப்படக்கூடாது" என்றார்.

"பகல்ல நட்சத்திரம் எங்கயும் ஓடிப்போறதில்லங்க. வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குத்தான் தெரியல. கரெக்டா அந்த எடத்துக்குக் குழாயத் திருப்பினா தெரியும். நான் ஒங்களுக்குக் காட்டுறேன். முகூர்த்தத்தன்னைக்கே காட்டுறேன்" என்றார் மாமா.

நான் சாட்சி.

மாமா சும்மா சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும்போது மாடியில் வெள்ளி நட்சத்திரத்தைப் பிடித்துக் காட்டினார். பளீரென்ற நீலத்தில் சுண்ணாம்புத் துணுக்கு மாதிரி நின்றது. அம்மா புடவைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு பார்த்து, "ஆத்தி, பகல்லயா!" என்றாள். சூரியன் பக்கம் குழாயைத் திருப்பினால் கண் அவிந்துவிடும் என்று எனக்கு மட்டும் ஆயிரம் தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஏழாம் நம்பர்தான். விளக்கு வைக்கிற நேரம் தாண்டியதும் மேலே போய்விடுவோம். நான் தேதி போடுவேன், மணி போடுவேன், ஏழை அழுத்துவேன். குழாய் வடக்கே திரும்பி, மெல்ல மேலே நிமிர்ந்து நிற்கும். உள்ளே வசிஷ்டரும் அருந்ததியும் பக்கத்தில் பக்கத்தில். டெலஸ்கோப்பில் பார்த்தால் வசிஷ்டரே ரெண்டாகத் தெரிவார், ஒட்டிக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டு அப்பா, "இதுல எந்த ஆளு மாப்ள புருஷன்?" என்று கேட்டார். அம்மா அவரைப் படியிறங்கு என்று விரட்டினாள்.

பொண்ணின் அப்பாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பத்திரிகை வைக்க வந்தவர் மாடிக்கு ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மாப்ள, மண்டபத்துல இது வேணாமே. எங்க ஆளுக நாலு விதமாப் பேசுவாக. ஒரு சொல்லு தப்பா விழுந்துச்சுன்னா காலத்துக்கும் நிக்கும்" என்றார். மாமா, "ஒங்க மகளுக்கு வாக்குக் குடுத்துட்டேன் மாமா" என்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் டிபன் பாக்ஸைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

வைகாசியில் கல்யாணம். வாடிப்பட்டியில் மண்டபம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். முந்தின நாள் சாயங்காலமே மாமா அப்பாவின் ஆட்டோவில் குழாயைக் கொண்டுபோய் மண்டபத்து முன்வாசலில் நிறுத்தினார். நலுங்கு நேரத்தில் காணாமல் போய், மஞ்சள் முகத்தோடு ரெண்டு நட்சத்திரத்தைக் குறிபார்த்துத் திசையைச் சரிசெய்துவிட்டு வந்தார். ஸ்டாண்டின் மூன்று காலையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். பேட்டரியை அணைக்கவில்லை, அணைத்தால் பிடித்த திசை அதற்கு மறந்துபோகும். மேலே ஒரு போர்வையைப் போர்த்தினார். காலையில் அவர் மணவறையில் இருப்பார், எழுந்து வரமுடியாது. அதனால் என்னிடம் சொன்னார்: "நாங்க வெளிய வரும்போது நான் தலையாட்டுவேன். அப்ப மணியப் பாத்துப் போட்டு, ஏழ அமுக்கு. வேற எதையும் தொடாத."

காலையிலிருந்து நான் அங்கேயே இருந்தேன். பட்டுப் பாவாடையோடு கால் மாற்றி மாற்றி நின்றேன். பக்கத்தில் நிழலில் மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர், "பாப்பா, இதென்ன பீரங்கியா? தாலி கட்டவும் வெடிப்பீகளா?" என்றார்.

"டெலஸ்கோப். அருந்ததி தெரியும்."

"தாலி கட்டுன பெறகு எங்களுக்கும் தெரிஞ்சுச்சு பாப்பா. நட்சத்திரமாத் தெரிஞ்சுச்சு" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து கெட்டிமேளத்துக்குக் கை காட்டவும் சிரிப்போடேயே கொட்டத் தொடங்கினார்கள். நான் சாக்பீஸ் வட்டங்களைக் குனிந்து பார்த்தேன். மூன்று காலும் அசையாமல் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் கூட்டமாக வெளியே வந்தார்கள். மாமாவின் துண்டும் அத்தையின் புடவைத் தலைப்பும் முடிச்சுப் போட்டிருந்தது. ஐயர் பழக்கத்தில் வானத்தைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டார். மாமா, "சாமி, ஒரு நிமிஷம்" என்று சொல்லி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் போர்வையை இழுத்தேன். எல்லாரும் கிட்டே வந்தார்கள். வீடியோக்காரர் லைட்டை என் முகத்தில் அடித்தார். தேதியைப் போட்டு, அப்பாவின் கை வாட்ச்சைப் பார்த்துப் பத்து, பன்னிரண்டு என்று போட்டேன். ஏழை அழுத்தினேன்.

குழாய் திரும்பியது. வடக்கே வந்து நின்றது. ஆகா என்று யாரோ சொன்னார்கள். தினமும் மாடியில் செய்வதுபோல இனி நிமிரும் என்று நான் மேலே பார்த்தேன். அது குனிந்தது. மட்டத்துக்கு வந்தது, இன்னும் குனிந்தது, மண்டபத்துக்கு வந்தவர்கள் கழற்றிப் போட்ட செருப்புக் குவியலைப் பார்த்து நின்றது. வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு பீப் சத்தமும் கொடுத்தது.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு மேளக்காரர், "அருந்ததி செருப்பத் தொலைச்சிருச்சு போல!" என்றார். வாசலே சிரித்தது. அப்பா என் காதில், "பாப்பா, மறுபடி ஜெர்மனிக்குப் போயிருச்சா?" என்றார். அவர் சமாளிக்கத்தான் சொன்னார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். தேதி, மணி, ஏழு. குழாய் அதே செருப்புக்கு வந்தது. மூன்றாவது தடவை போடும்போது அவசரத்தில் ஒன்பதை அமுக்கி, அழித்து, ஏழு போட்டேன். அதே செருப்பு.

பொண்ணின் அப்பா, யாரையும் பார்க்காமல், "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எங்கள் பக்கத்துக் கிழவி ஒருத்தி, "நல்ல நாள்ல இது என்னடி கெட்ட சகுனம், தரையப் பாக்குது" என்று அம்மாவிடம் கேட்டாள்.

மாமா என்னிடம் வந்தார். முடிச்சு போட்டிருந்ததால் அத்தையும் கூடவே வந்தார். மாமா திரையைப் பார்த்தார். மணியைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார். குழாய் போகிற திக்கைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையைப் பார்த்துத் தலை குனிந்து நின்றார். என்னால் அவரைப் பார்க்கமுடியவில்லை.

அப்போது அத்தை மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கூறைப்புடவையோடு தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். குழாய் குனிந்திருந்ததால் கண் வைக்கிற இடமும் தாழ்ந்திருந்தது. கண்ணை வைத்தார்.

ஐயர், "அருந்ததி தெரிஞ்சுதாம்மா?" என்றார்.

"தெரியலங்க" என்றார் அத்தை.

இந்த மாதிரி ஒரு பதிலை அந்த மண்டபம் கேட்டிருக்காது. அவர் அப்பா முன்னால் வந்து, "ஏத்தா, தெரியுதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள வா. எல்லாரும் நிக்கிறாகள்ல" என்றார்.

"இல்லாதத எப்புடிப்பா சொல்றது?"

"எல்லாருந்தான் சொன்னாக. ஒங்கம்மா சொல்லல?"

அத்தை மாமாவை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கோபம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும் என்பதுபோல இருந்தது. மாமா ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் அத்தை சொல்லியிருப்பாரோ என்னவோ. மாமாதான் தன் மாமனாரிடம் சொன்னார்: "மாமா, அவங்க சொல்றது நெசம். இப்பத் தெரியாது."

அவர் மாமனார் வாயைத் திறந்தார். அதற்குள் ஐயர் குடையை விரித்துக்கொண்டு, "சரி சரி, வெயில் ஏறுது. சாயங்காலம் பாத்துக்கட்டும், ஒண்ணும் தோஷமில்ல" என்று கூட்டத்தை உள்ளே தள்ளினார். என்னைத் தாண்டும்போது மெதுவாக, "எனக்கே இதுவரைக்கும் தெரிஞ்சதில்ல கொழந்தே" என்றார்.

நான் சமையல்கட்டுக்குப் பின்னால், வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். அருந்ததி பார்க்காத கல்யாணம் செல்லாது என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. மெஷின் தினமும் சரியாக வேலை செய்தது. ஸ்டாண்டின் காலை யாரும் அசைக்கவில்லை. மிச்சம் இருந்தது என் கை மட்டும்தான். எங்கேயோ ஒரு பட்டனைத் தப்பாக அமுக்கி, மாமாவை அவர் மாமனார் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன். சாப்பாட்டுக்கு அம்மா வந்து இழுத்தாள். பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளையோடு எல்லாரும் அவனியாபுரம் வந்துவிட்டோம். பால் பழம் கொடுத்து முடிந்ததும் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயை மாடிக்குத் தூக்கினார். அத்தையும் மேலே போனார். "பாப்பா எங்க?" என்று மாமா கேட்டது எனக்குக் கேட்டது. நான் கட்டிலுக்கு அடியில், மோட்டார் மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன்.

மாமா குனிந்து எட்டிப் பார்த்தார். "இங்கிட்டு என்ன பண்ற? வா, மேல. பட்டன் யாரு அமுக்குறது?"

"நான் வரல. நான்தான் மணியத் தப்பாப் போட்டுட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"நீ தப்பாப் போடல."

"பெறகு ஏன் கீழ பாத்துச்சு?"

"அது பாக்கவேண்டிய எடத்தத்தான் பாத்துச்சு. மேல வா, சொல்றேன்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

சின்னப் பிள்ளை அழுதால் பெரியவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். கீழே விழுந்து முட்டி பெயர்ந்தால் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பார்கள். ரத்தம் வந்துகொண்டே இருக்கும். இதுவும் அதுதான். செருப்பைப் பார்த்ததைப் பார்க்கவேண்டிய இடம் என்கிறாரே, எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது. அப்பா மாடிப்படியிலிருந்து, "மாப்ள, புதுப்பொண்ணு தனியா நிக்குது!" என்று கத்தினார். மாமா எழுந்தார். படியேறிப் போய்விட்டார்.

அன்றைக்குப் பட்டனை அவரே அமுக்கியிருக்கவேண்டும். மேலே மோட்டார் சத்தம் கேட்டது. சத்தம் நின்றது. பிறகு அத்தையின் குரல், தெருவுக்கே கேட்கும்படி, "தெரியுது! ஐயோ, தெரியுதுங்க!"

நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

அதற்கப்புறம் நான் அந்த டிபன் பாக்ஸைத் தொடவில்லை. மாமா கூப்பிட்டார். "வாரியா, வியாழன் வந்திருக்கு" என்பார். படிக்கணும் என்பேன். படிக்கிற பிள்ளை இல்லை நான், அது அவருக்கும் தெரியும். அடுத்த வருஷம் அவர்கள் வில்லாபுரத்தில் தனியாக வீடு பார்த்துப் போனார்கள். அங்கே போகும்போதெல்லாம் கேட்பார். "அன்னைக்கு மண்டபத்துல..." என்று ஒருமுறை ஆரம்பித்தார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பெரிய பிள்ளை ஆகிவிட்டேன், இதிலெல்லாம் ஆசை போய்விட்டது என்று நினைத்திருப்பார். கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ரெடிமேட் துணிக் கம்பெனிக்குப் பட்டன் வைக்கப் போனபோது, ஒரு நல்ல சாப்பாட்டு டப்பா வாங்கித் தந்தார். அப்போதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாமாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபிறகு அத்தை என்னை இருக்கச் சொன்னார். மாமாவின் சாமான்களை எடுத்து வைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. பீரோவுக்கு மேலே அந்த டிபன் பாக்ஸ் இருந்தது. போன் பட்டன்கள் தேய்ந்து, ஏழு என்ற எழுத்தே காணவில்லை.

"போன்லயே ஓட்டுற மாதிரிப் பண்ணுங்களேன், எல்லாம் இப்ப அப்புடித்தான்னு சொல்லிப் பாத்தேன்" என்றார் அத்தை. "வேணாம், பாப்பா வந்தா பட்டன்தான் கேப்பான்னுட்டாரு."

அத்தை சாமி விளக்கை ஏற்றப் போனார். நான் என் போனில் நட்சத்திரம் காட்டுகிற ஆப் ஒன்றை இறக்கினேன். ஏன் இறக்கினேன் என்று கேட்டால் தெரியவில்லை. வானத்தில் அவர் பார்த்ததில் ஏதாவது ஒன்றைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. அதில் தேதியையும் மணியையும் மாற்றலாம் என்று இருந்தது. வைகாசியில் அந்தத் தேதியைப் போட்டேன். பத்து, பன்னிரண்டு போட்டேன். அருந்ததியைத் தேடச் சொன்னேன்.

திரையில் ஒரு அம்புக்குறி வந்தது. அது காட்டுகிற பக்கம் போனைத் திருப்பினேன். வடக்கே வந்தது. பிறகு கீழே காட்டியது. போனை மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இன்னும் கீழே. பூமியைக் குறிக்கிற பச்சைக் கோட்டைத் தாண்டி, சிமெண்டுத் தரையைப் பார்த்து நான் போனைச் சாய்த்தபோது அருந்ததி வந்தது. பக்கத்தில் வசிஷ்டர். ரெண்டு பேரும் தரைக்குக் கீழே, பூமிக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் போனைப் பார்த்துவிட்டு, "ஆமா, அன்னைக்கே சொன்னாரே. ராத்திரி மேல நிக்கிறது பகல்ல கீழ போயிருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிக்காம விட்டுட்டேன், எல்லாரும் மேல கையக் காட்டவும் மேலதான் இருக்கும்னு நெனச்சுட்டேன்னு. மண்டபத்துல தரையப் பாத்துக்கிட்டு நிக்கும்போதே புரிஞ்சு போச்சாம். எல்லாரும் சிரிக்கையில இவருக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷியாம். எங்க நின்னாலும் அது கண்டுபிடிச்சிருச்சேன்னு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒனக்குச் சொல்லலையா?" என்றார்.

சொன்னார். கட்டிலுக்கு அடியில் குனிந்து, என் முகத்துக்கு நேரே, நீ தப்பாப் போடல என்று சொன்னார். மேல வா, சொல்றேன் என்றார். பதினொரு வயதில் எனக்குப் பெரியவர்கள் பேச்சு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. ஆறுதல் சொல்லத் தெரியாத ஒரு மனுசர் அவர் என்பது மட்டும் தெரியவில்லை. அவர் உள்ளதைத்தான் சொன்னார். நான் மாடிக்குப் பதினெட்டுப் படி ஏறியிருந்தால் போதும்.